கறுப்பு நூல் பையா, சிவப்பு நூல் பையா

சேசு மரி சூசை துணை

புதுக்குடியிருப்பு,
14.09.1998

அன்பு மகன் மெல்ரொனுக்கு,

கொழும்பில் நீ நோய்நொடியின்றி இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், மனந்தான் ஓரிடத்தில் இல்லை. நீ அனுப்பிய இரண்டு பால்மாவும் வந்தது, ஆனால் தகரப் பேணியாக வரவில்லை மகன். வழிச் சோதனையில் பேணிகளை வெட்டி மாவை இரண்டு சொப்பின் பையில் கொட்டிக் கொடுத்தார்களாம். ஒன்று அக்காவின் பிள்ளைக்கு, மற்றது அப்பாவின் சீனி வருத்தத்துக்கு என்று எழுதியிருந்தாய். எது எதென்று ஆருக்குத் தெரியும்? அப்பா இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்டுதான், குடுமன்" என்கிறார். அவருக்கென்ன! மருத்துவமாதுவோ, "பெரியாக்களின்ர மாவைப் பச்சைப்பிள்ளைக்குக் குடுத்திடாதேங்கோ, வயிறு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அக்கா நிறஞ்சனாவுக்கு மலேரியாக் காய்ச்சலோடு பால் வற்றிவிட்டது. நாலு மாதப் பிள்ளை கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு வீரிட்டு அழுகிறது, நான் அலுமாரியைத் திறப்பதும் பையைத் தொடுவதும் திரும்பப் பூட்டுவதுமாய் நிற்கிறேன்.

இதற்குள் உன் தங்கச்சி டக்சாயினிக்குப் பள்ளிக்கூடத்தில் சுட்டுத்துண்டுப் பாடம். பேணியில் ஒட்டுகிற தாள் வடிவுக்கு இல்லையாம், உள்ளே என்ன, எந்த வயதுக்கு, எப்படிக் கரைப்பது, எந்தத் திகதிவரை நல்லது என்று வாங்குகிற ஆளுக்குச் சொல்லத்தானாம். வெற்றுப் பேணி கொண்டுவரச் சொன்னதற்கு எங்கள் வீட்டில் ஏது பேணி, வெறுங்கையோடு போய்வந்தாள். வந்தவள் கொப்பித் தாளைக் கிழித்துச் சோற்றால் குசினி முழுக்க ஒட்டிவிட்டாள், உப்பு, மல்லி, மிளகாய்த்தூள் என்று. நல்ல ஏச்சுக் கொடுக்கத்தான் போனேன். உன் பைகளிலும் ஒட்டியிருந்தாள். "பெயர்: தெரியாது. வயது: தெரியாது. காலாவதித் திகதி: அண்ணாவின்ர கடிதம் வரும்வரை." வாசித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு பையைக் கறுப்பு நூலாலும் மற்றதைச் சிவப்பு நூலாலும் கட்டியிருக்கிறேன். கறுப்பு நூல் பையில் மா நல்ல பொடி, வெள்ளை. சிவப்பு நூல் பையில் குருணி குருணியாய், கொஞ்சம் மஞ்சள் பிடித்தது. வாங்கின கடையிலேயே விசாரி. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் வவுனியாவில் தபாலில் போடும் கதிர்காமநாதன் மாஸ்டர் அங்கே பத்து நாள் நிற்பார், அவர் தங்கும் வீட்டுத் தொலைபேசி இலக்கம் பின்பக்கத்தில். அவரிடம் ஒரு சொல் சொன்னால் காணும், திரும்பி வந்து எங்களுக்குச் சொல்லுவார்.

இனி அனுப்பினால் எழுதின துண்டொன்றை மாவுக்குள்ளேயே புதைத்து அனுப்பு. அடையாள அட்டை இல்லாமல் வாசற்படி இறங்காதே, நீ ஆரென்று சொல்ல அங்கே நாங்கள் இல்லை. மாதா உன்னைக் கைவிடமாட்டா. பிள்ளை திரும்ப அழுகிறது. கறுப்பா, சிவப்பா, கெதியாய்ச் சொல்லு மகன்.

உன் அம்மா,
ம. றோசம்மா