உன் பெயரில் நட்ட கண்டல் செடிகள்

இன்று காலை சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனபோது அந்த வாடை வந்தது. கெட்டுப்போன முட்டையும் உப்பும் கலந்த வாடை. நேற்று மாலையே சோப்புப் போட்டுக் கழுவினேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், பழைய பிரஷ்ஷால் நகங்களைச் சுரண்டியும் பார்த்தேன். உன் ஊர்ச் சேறு போகவில்லை. விடுதியில் நீ படுத்திருந்த கட்டிலுக்கு வந்திருக்கும் புதுப் பெண் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால், "சும்மா துன்னுடி, இன்னிக்கு உப்பு மிச்சம்" என்றிருப்பாய்.

நேற்று உன் அம்மாவோடு சேர்ந்து, உன் பெயரில் நட்ட கண்டல் செடிகளைப் பிடுங்கிவிட்டு வந்தேன். அது சரியா தப்பா என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் முறையாக என்னை உன் ஊருக்கு அழைத்துப் போனாய். பஸ் சொர்ணமுகிப் பாலத்தைக் கடந்தபோது கீழே மணலும் முள்மரங்களும் நடுவே சாக்கடைக் கோடும்தான் தெரிந்தன. "இந்த ஆறு கடசீல எங்க வூட்டாண்டதான் வருது. நீங்க கழுவி ஊத்துறது அத்தினியும் எங்களுக்குத்தான்" என்றாய். நான் திருப்பதிக்காரி இல்லை, ராமகுப்பத்துக்காரி என்று முணுமுணுத்தேன். "எல்லாம் ஒண்ணுதான். மேட்டுக்காரிங்க" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு மேட்டுக்காரி.

உன் வீட்டுக்குப் பின்னால், ஆறு கடலைச் சேரும் இடத்தில் அந்தக் காடு இருந்தது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் மட அடவி என்று படித்ததாகவும், வீட்டில் தமிழில் கண்டல் என்பதாகவும் சொன்னாய். மரங்களைவிட அவற்றின் காலடிதான் எனக்கு வியப்பாக இருந்தது. கறுப்புச் சேற்றில் பென்சில் பென்சிலாகக் குச்சிகள் நின்றன. எங்கள் வீட்டில் பட்டுப்புழுவுக்காக மல்பெரிக் குச்சி நடுவோம். அதுதான் நினைவுக்கு வந்தது. "இவ்வளவு குச்சி யார் நட்டது?" என்று கேட்டுவிட்டேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாய். அவர் பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். "யாரும் நடலடி. அது மூக்கு. சேத்துக்குள்ள காத்து இல்லல்ல, மரம் மூக்கை மேல நீட்டிக்கினு மூச்சு வுடுது." பிறகு ஒரு இலையைப் பறித்து, "நக்கிப் பாரு" என்றாய். கரித்தது. மரம் குடித்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது என்று எனக்குப் புரியவைத்தது அந்த இலைதான்.

அன்று நீ நிறையப் பேசினாய். மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது அந்த வேர்களுக்குள்தான் ஒளிந்து வளரும் என்றாய். புயல் அடித்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த உன் தெருவில் ஓடுகூடப் பறக்கவில்லை, காடு இல்லாத அந்தப் பக்கத்தில் படகே வீட்டுக்குள் வந்துவிட்டது என்றாய். பிறகு தூரத்தில் சதுரம் சதுரமாக மின்னிய இறால் குட்டைகளைக் காட்டினாய். "அதெல்லாம் காடு இருந்த எடம். கரை கட்டி, ஓடைய அடச்சிட்டாங்க. கடத்தண்ணி உள்ள வந்து போவணும். வரலன்னா இங்க இருக்கிறதும் நின்ன வாக்குல காஞ்சிடும்."

ஆனால் அன்று இரவே கொசுக்கடி தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு இந்தக் காட்டக் கொளுத்திட்டு டவுனுக்குப் போயிடுவேன் பாரு" என்றவளும் நீதான். எதை நம்புவது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. நான் பகலில் கேட்டதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் தடா பக்கத்தில் ஒரே கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒரே விடுதி, ஒரே அறை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனாலும் மீட்டிங்கில் வாய் திறக்க வராது. என் கேள்வியையும் நீயே கேட்டுவிடுவாய். அப்புறம் அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஊரில் நாலு நாள் படுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாய். உன் துண்டு கொடியில் காய்ந்துகொண்டே இருந்தது.

உன் முதல் வருட நினைவு நாள் நெருங்கியபோது எங்கள் டீம் லீடர் சார், உன் பெயரில் ஏதாவது செய்யலாம் என்றார். அவர் நல்லவர், உனக்கே தெரியும். "அந்தப் பொண்ணுக்கு என்ன பிடிக்கும்?" என்று தெலுங்கில் கேட்டார். நான் எழுந்து, "மட செட்லு சார்" என்று கண்டல் மரத்தைச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீட்டிங்கில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நினைவு நாளன்றே நடுவது என்று முடிவானது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனோம். காட்டுக்கு முன்னால் அகலமான சேற்றுத் தரை, ஆளே இல்லாமல் விரிந்து கிடந்தது. "எவ்வளவு இடம் சும்மா கிடக்குது!" என்றார் சார். எல்லோரும் முழங்கால் வரை இறங்கி வரிசை வரிசையாக நட்டோம். அலை சாய்த்துவிடாமல் ஒவ்வொரு செடிக்கும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினோம். உன் அம்மா படையல் வேலையில் இருந்தார். "ஏதோ செய்ங்க கண்ணு, அவ பேரு இருந்தா சரி" என்றார்.

அந்த இடம் ஏன் காலியாக இருந்தது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. உன் தெருவில் ஒரு வீட்டில் வருடத் திவசம் என்றால், அன்று தெருப் பெண்கள் யாரும் சேற்றில் இறங்க மாட்டார்களாம். மற்ற நாள்களில் அவர்கள் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற இடமே அதுதான். உனக்காக ஒதுங்கி வீட்டில் இருந்தார்கள். அவர்கள் ஒதுங்கிய இடத்தில், உனக்காக, நாங்கள் நட்டுவிட்டு வந்தோம்.

இது எனக்குத் தெரிந்தது போன மாதம்தான். உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே உன் பக்கத்து வீட்டுக்காரி, நீ சின்னம்மா என்று கூப்பிடுவாயே, அவர் என்னை வழியில் நிறுத்தினார்.

"எம்மா, நீதான மரம் நட்ட கம்பெனிப் பொண்ணு?"

"ஆமாம்மா."

"நல்லா நட்ட போ. இங்க பாரு" என்று உள்ளங்கையை விரித்தார். மூங்கில் கிழித்த கீறல்கள். "சேத்துக்குள்ள கைய வுட்டா குச்சிதான் கெடைக்குது. ராலு எங்க கெடைக்கிறது? நாங்க எதுவும் பேச முடியாது. செத்த புள்ள பேரு. ஆனா உங்கம்மாவ நெனச்சித்தான் சொல்றேன். ஒங்கம்மான்னா, அவ அம்மா. குச்சி இல்லாத எடத்துக்குன்னு மார்த் தண்ணியில போயிக்கினு இருக்கா. அவளுக்கு வலிப்பு வரும், தெரியுமா? ஒரு நாளைக்கு எழுந்திரிக்காம போயிட்டா, அதுக்கும் ஒரு மரம் நடுவியா?"

உன் அம்மாவுக்கு வலிப்பு வரும் என்று நீ என்னிடம் சொன்னதே இல்லை.

அன்று கரையில் நின்று பார்த்தேன். இறால் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்துக்கு மேல் மட்டும் தெரிய, உன் அம்மா தனியாகத் தண்ணீருக்குள் இருந்தார். மற்ற பெண்கள் வேறு ஓடைக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் உன் செடிகள், சில பட்டுப்போய், சில இரண்டு இலை விட்டு, வரிசையாக நின்றன. பின்னால் உன் பழைய காடு பாதி சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. ஓடை வாயில் புதுக் கரை. அதற்கு அந்தப் பக்கம் இறால் குட்டையில் தண்ணீருக்குக் காற்றடிக்கும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொள்கிற வேலைதான் இப்போது உன் அப்பாவுக்கு, உன் நைனாவுக்கு. கண்பார்வை குறைந்து படகை விட்ட பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. ஓடையைத் திறக்கச் சொன்னால் அவருக்கு வேலை போகும். திறக்காவிட்டால் காடு போகும். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அன்று உன் அம்மா கரையேறும் முன்பே திரும்பிவிட்டேன்.

ஒரு மாதம் தூக்கமில்லை. நேற்று மறுபடி போனேன். உன் அம்மா கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபடி எதுவும் வரவில்லை. "அம்மா, செடியெல்லாம் எடுத்துடலாமா?" என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

அவர் நிமிரவில்லை. "யாரு சொன்னா? அந்தப் பக்கத்து வூட்டாளா?"

"இல்லம்மா. நானேதான்."

"பொய் சொல்ல வரல உனக்கு." கயிற்றை இழுத்து முடிந்தார். "எம் பொண்ணு பேரு வச்சது. இன்னாத்துக்குப் புடுங்கணும்? இருந்துட்டுப் போவுது. நான் தள்ளிப் போய்த் தடவிக்கிறேன்."

"அவளுக்குக் கண்டல்னா உயிரும்மா. எனக்கும் புடுங்க மனசு வரல. ஆனா நீங்க மார்த் தண்ணியில..."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். முதலில் புரியாததுபோல. பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"உயிரா? அவளுக்கா? எம்மா, அந்தச் சேத்துல தானா மொளச்சி வர்ற கன்னுங்கள எல்லாம் புடுங்குனவளே அவதான். சின்ன வயசுலேர்ந்து. எனக்குக் கை கிழியும்னு, ஸ்கூல் வுட்டு வந்து மொத வேல அதுதான். கன்னுகிட்ட சண்ட போடுவா. 'இது எங்க அம்மா எடம், உன் எடத்துக்குப் போ'ன்னு திட்டிக்கினே புடுங்குவா. ஓடக் கரையில ஊனிட்டு வருவா. நேத்தி ஊனுனது பொழச்சிதான்னு மறுநாள் போய்ப் பாப்பா. செத்துருந்தா அதுக்கும் அழுவா. பைத்தியம்."

கன்று பிடுங்குகிற நீ எனக்குத் தெரியாதவள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லையா? மேட்டுக்காரிக்குப் புரியாது என்று விட்டுவிட்டாயா?

உன் அம்மா கயிற்றைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். பிறகு, "தண்ணி வத்திடுச்சி. வரியா?" என்றார்.

முதல் செடியை அவர்தான் பிடுங்கினார். மூங்கில் குச்சியை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, செடியைச் சுற்றிக் கையை ஆழமாக விட்டு, சேற்றோடு தூக்கினார். அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார். உதடு கோணியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். "அவ திட்டுற மாரி திட்டு பாப்போம். எனக்கு வாய் வரல" என்றார். நான் மெதுவாக, "உன் எடத்துக்குப் போ" என்றேன். "கேக்கல" என்றார். சத்தமாகச் சொன்னேன். கரையில் நின்ற உன் சின்னம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

உயிரோடிருந்தவற்றை ஓடைக் கரையில் ஊன்றினோம். பிழைக்குமா என்று கேட்டேன். ஒருத்தர் பிழைக்கும் என்றார், ஒருத்தர் தண்ணீர் வராத ஓடையில் எது பிழைக்கும் என்றார். உன் அம்மா, "பொழைக்குமான்னு தெரியாமதான் அவளும் நட்டா" என்றார்.

கரையேறியதும் சாருக்கு போன் செய்தேன். செடிகளைப் பிடுங்கிவிட்டோம், இடம் தப்பு, என் பொறுப்பு என்று தெலுங்கில் ஒரே மூச்சில் சொன்னேன். அவர், எல்லாவற்றையுமா என்று கேட்டார். பிறகு, "சரிம்மா. அப்படின்னா வேற எங்க நடலாம், சொல்லு" என்றார். நட வேண்டாம் சார், அடைத்த ஓடையைத் திறந்துவிட்டால் காடு தானாக வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு உன் நைனா குட்டைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். நாளை வேலைக்குப் போனால் மீட்டிங்கில் கேட்பார். என்ன சொல்வேன்? கரையில் ஒரு குழாய் மட்டும் பதித்துத் தண்ணீர் வந்துபோக விடச் சொல்லலாமா? நைனாதான் சொல்லிக்கொடுத்தார் என்று குட்டைக்காரர் சந்தேகப்படாமல் இருப்பாரா? நீ இருந்தால் என் கேள்வியையும் சேர்த்து நீயே கேட்டிருப்பாய். இந்த முறை நான்தான் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து என்ன சொல்வது என்பது மட்டும் தெரியவில்லை.

கிளம்பும் முன் உன் அம்மா முழங்கால் தண்ணீரில், பழைய இடத்தில், உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். சேற்றுக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களுக்கிடையில் ஏதோ ஒன்று வெடுக்கென்று துள்ளியது. நான் வீறிட்டு எழுந்ததில் தண்ணீரில் மல்லாக்க விழுந்தேன்.

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "அய்யே, அச்சு அசல் அவளேதான்! அவளும் இப்பிடித்தான், ஒரு ராலு தொட்டா ஊரையே கூட்டிடுவா" என்றார் உன் சின்னம்மா.

நீயா? எதற்கும் பயப்படாத நீயா இறாலுக்குப் பயந்தாய்? சேற்றில் உட்கார்ந்தபடியே உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு வருடம் ஒரே அறையில் உன்னோடு படுத்து எழுந்திருக்கிறேன். மரங்களைப் பற்றிச் சொல்லித் தந்தவளை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நேற்றுத் திரும்பும்போது பஸ்ஸில் என்னோடு வந்தவள் வேறு. கன்றைத் திட்டுகிறாள், பிடுங்குகிறாள், அது செத்தால் அழுகிறாள், இறாலைத் தொட்டு அலறுகிறாள். இவளை எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நாளை அந்த மீட்டிங்குக்கு இவளோடுதான் போகப் போகிறேன்.