தாய்மாமன் சீட்டு

நேற்றுக் காலை உன் மகள் வந்து கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள். அவள் போனபிறகு பழக்கதோஷத்தில் அட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். பிசிறு தட்டியது. மழுங்கிய கத்தியில் வெட்டியிருக்கிறான் எவனோ. உன் கையில் கிடைத்திருந்தால் அத்தனையையும் திருப்பி அனுப்பியிருப்பாய். மஞ்சளும் புது அட்டையும் சேர்ந்து அடித்த அந்த வாசனையில் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காரைக்குடியில் நாம் வேலை பார்த்த அச்சகத்தில் முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. நான் புரூப் பார்ப்பேன், நீ கட்டிங் மெஷினில் நிற்பாய். கானாடுகாத்தான் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வந்த கெட்டி அட்டையில் மிச்சம் விழுந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, "இம்புட்டு நல்ல அட்டையக் குப்பையில போட மனசு வரலப்பா" என்றாய். சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் ஒரே அளவில் வெட்டினாய். நான் எழுதினேன். அப்படிப் பிறந்ததுதான் நம் 'கல்யாண வீடு' ஆட்டம்.

ஆளுக்குப் பத்துச் சீட்டு. பந்தல், சமையல், மேளம் என்று ஒவ்வொன்றாக இறக்கி, முதலில் தாலி கட்டுகிறவன் ஜெயித்தவன். எதிராளி குறுக்கே மழையை இறக்கினால் பந்தல் போச்சு. கரண்ட் கட் சீட்டை இறக்கினால் மைக்செட் வாய் மூடிக்கொள்ளும். பத்திரிகை அடித்தே வயிறு வளர்க்கிற நமக்கு வேறு என்ன விளையாட்டுத் தோன்றும்! இரண்டே மாதத்தில் தெருக் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். அச்சகம் பூட்டிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பின்கட்டில் போட்டியே நடந்தது.

மாதம் ஒருமுறை புதுச் சீட்டு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெனரேட்டர் கொண்டுவந்தேன், கரண்ட் கட் செத்தது. வீடியோக்காரர் வந்தார், போட்டோக்காரரை யாரும் சீந்தவில்லை. தகரக் கொட்டகை போட்டேன், மழைக்கு வேலை போனது. தையல்கடை சேவுகன் அண்ணன் மழைச் சீட்டை வைத்தே ஆடிக்கொண்டிருந்தவர். கையிலிருந்த மூன்று மழையையும் விரித்துக் காட்டி, "இத இனி எதுல வச்சுத் தைக்கிறது? நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"புதுச் சீட்டு வரட்டும். பழசக் கொன்னுபோட்டு வரக்கூடாது" என்றாய். கூட்டம் சேர்வதே புதுச் சீட்டுக்காகத்தான் என்று நான் வாதாடினேன். அதோடு விட்டேனா? தாய்மாமன் சீட்டைப் போட்டேன். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் எதிராளியின் கல்யாணம் நின்றுவிடும், ஆட்டம் முடிந்தது. பத்திரிகையில் தாய்மாமன் பேர் விட்டுப்போய் நாம் வாங்கிய ஏச்சுகளை நினைத்துக்கொண்டு எழுதிய சீட்டு. அடுத்த வாரமே எல்லோர் கையிலும் தாய்மாமன். யாருக்கு அது முதலில் வருகிறதோ அவன் ஜெயித்தான். இரண்டு நிமிடத்தில் ஆட்டம் முடிய, சேவுகன் அண்ணனோடு இன்னும் நாலு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நீதான் வழி கண்டுபிடித்தாய். தாய்மாமனை இறக்குகிறவன் தானும் கோபித்துக்கொண்டு, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வேண்டும். அவன் ஆட முடியாது. எதிராளி இஷ்டம்போல் ஆடலாம், ஆனால் தாலி கட்ட முடியாது. கட்ட வேண்டுமென்றால் எழுந்துபோய், கைகூப்பி, "வாங்க மாமா" என்று கூப்பிட்டு, வேட்டி துண்டு மரியாதையாக இரண்டு சீட்டைக் கொடுக்க வேண்டும். சுவரைப் பார்த்திருப்பவன் தானாகத் திரும்பக் கூடாது. கூப்பிட்டால் வராமலும் இருக்கக் கூடாது. "கோவிச்சுக்கிறவனுக்கும் நட்டம், கூப்பிடுறவனுக்கும் நட்டம். அப்பத்தான் ஆட்டம் நேரா நிக்கும்" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிரித்த சிரிப்பு மாதிரி நான் பிறகு சிரித்ததில்லை. சேவுகன் அண்ணன் திரும்பி வந்து, சுவரைப் பார்த்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லோரும் உன்னைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் கழித்து ஒளிக்க என்ன இருக்கிறது? பொறாமைதான்.

உனக்குத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினேன். 'ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார்.' அதை இறக்கினால், கூப்பிடாமலே தாய்மாமன் திரும்பிவிட வேண்டும். உன் விதியை உடைப்பதற்கென்றே எழுதிய சீட்டு. கத்தரிக்கோலால் நானே வெட்டினேன்.

அந்த வாரம் கடைசி ஆட்டம் உனக்கும் எனக்கும். நீ தாய்மாமனை இறக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாய். நான் எழுந்து வந்து கைகூப்புவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் பெரியவர் சீட்டைப் போட்டேன். நீ திரும்பி அதை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவினாய்.

"இது நான் வெட்டுன சீட்டு இல்லையே. என்னையக் கேக்காமப் போட்டியா?"

"உன்னைய எதுக்குக் கேக்கணும்? நீ அட்டை வெட்டுறவன். வெட்டுறதோட நிறுத்திக்க."

சீட்டை மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சேவுகன் அண்ணன் என் தோளைத் தொட்டு, "போய்க் கூப்பிடுப்பா. நாலு எட்டுத்தானே" என்றார். நான் அசையவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டமே போனாலும் போகட்டும் என்ற வீம்பு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீ எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் வேலைக்கு வரவில்லை. தேவகோட்டையில் வேறு அச்சகத்தில் சேர்ந்துவிட்டதாக அடுத்த வாரம் கேள்விப்பட்டேன். நம் ஆட்டமும் அந்த மாதத்தோடு படுத்துவிட்டது. பெரியவர் சீட்டு வந்தபிறகு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அதில் என்ன ருசி இருக்கும்?

ஏழெட்டு மாதம் போயிருக்கும். உனக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டதென்று சேவுகன் அண்ணன் உன் ஊர் பள்ளத்தூருக்குப் போய் உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"என்னைய விசாரிச்சானா?" என்று கேட்டேன்.

"விசாரிக்கலப்பா. ஆனா யாரு வந்தாலும் வாசலையே பாக்குறான்."

ஞாயிற்றுக்கிழமை போவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலை தகவல் வந்துவிட்டது. பள்ளத்தூருக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. அந்த அரைமணியை நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். உன் வீட்டு முற்றத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நடைவாசலில் இருந்து நாலு எட்டு. அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

பெரியவர் சீட்டை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். தாய்மாமன் சீட்டு ஒன்றை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வீட்டிலோ வெளியிலோ யாரிடம் மனத்தாங்கல் வந்தாலும் அன்று பொழுது சாய்வதற்குள் நான்தான் போய்ப் பேசுவேன். 'சூடு சொரணை இல்லாத மனுஷன்' என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நேற்று உன் மகள் ஒன்று சொன்னாள். நீ போகும்போது அவள் மூன்று வயதுப் பிள்ளை. "அவருக்குத் தபால்ல அனுப்பாத, நேர்ல போய்க் கூப்பிடுன்னு அம்மா சொன்னாக மாமா. அப்பா முடியாம இருந்தப்ப, 'ஆளனுப்பி அவரக் கூப்பிடவா'ன்னு அம்மா கேட்டாகளாம். 'சீட்ட இறக்குனது நானு. அவன்தான் கூப்பிடணும். கூப்பிட்டா எந்திரிச்சு உக்காந்துருவேன்'னு அப்பா சொன்னாகளாம். அம்மாவுக்கு இன்னைக்கி வரைக்கும் அது என்ன சீட்டுன்னு தெரியலையாம். உங்களுக்குத் தெரியுமா மாமா?"

அந்தப் பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று, காலண்டரைப் பார்ப்பதுபோல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் எழுந்து வந்து பின்னால் நிற்பது தெரிந்தது.

"என்ன மாமா, செவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? இங்குட்டுத் திரும்புங்க. நீங்க இல்லாம எப்புடி? வாங்க மாமா."

நாலு எட்டு வைத்து வந்து கூப்பிட்டுவிட்டாள். உன் விதிப்படி நான் திரும்பித்தானே ஆகவேண்டும். திரும்பினேன்.

முகூர்த்தத்துக்கு முதல்நாளே பள்ளத்தூருக்கு வந்துவிடுவேன். சட்டைப்பையில் அந்தத் தாய்மாமன் சீட்டு இருக்கும். மை மங்கிப்போய்விட்டது. ஆனால் நீ வெட்டிய விளிம்பில் இன்றைக்கும் விரல் வைத்தால் பிசிறு தட்டாது.