துண்டுக்கு அடியில் சீமை வரி

தளவானூர்,
9-12-1962

அன்புள்ள சாந்தி,

கல்யாணமாகிப் போனவளுக்கு ஊர்த் தொல்லையை எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலையைக் காயவைத்து, நேற்று நைனா செஞ்சியில் உன் அப்பாவின் மண்டிக்கு வண்டி கட்டினார். வழக்கம்போல உன் அப்பாவும் தரகர் பொன்னுசாமியும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். வெளியே வந்த விலை, போன வருஷத்தைவிட மூட்டைக்கு மூன்று ரூபாய் குறைவு.

"இங்கிலீஷ்காரன் ஐரோப்பாக்காரனோட பொதுச்சந்தையில சேரப் போறான். இனிமே நம்ம கொட்டைக்கு அங்க வரி. நான் இன்னா பண்றது? உம் மவ பி.ஏ. ஆச்சே, கேட்டுப் பாரு" என்றாராம் உன் அப்பா.

நைனா விற்காமல் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "நெசமாம்மா?" என்று என்னைக் கேட்டார். ஊருக்கே முதல் பட்டதாரி நான். கொட்டையைக் கப்பலில் அனுப்புகிறவர் உன் வீட்டுக்காரர்தானே? கேட்டு எழுதேன்.

உன்,
செந்தாமரை

சென்னை,
20-12-1962

என் தாமரைக்கு,

ஹாஸ்டலில் ஊறுகாய் கேட்கக்கூட வாய் திறக்காதவள், வரியைப் பற்றி எழுதியிருக்கிறாய்! சிரித்துவிட்டேன். இவரிடம் கேட்டேன். "உன் சிநேகிதிக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லு" என்றார். விலை இன்னும் இறங்குமாம். இருக்கிற விலைக்குத் தள்ளிவிடுங்கள். அப்பாவைப் பகைத்துக்கொள்ளாதே. ஆடியில் விதைக்கு அவரிடம்தானே வருவீர்கள்? பொங்கலுக்கு வருகிறேன், நிறையப் பேசலாம்.

அன்புடன்,
சாந்தி

தளவானூர்,
10-2-1963

அன்புள்ள சாந்தி,

பொங்கலுக்கு வந்தவள் செஞ்சியோடு திரும்பிவிட்டாயாம். இருக்கட்டும்.

செஞ்சி நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் பேப்பராகப் படித்தேன். அந்தப் பொதுச்சந்தையில் எண்ணெய்க்குத்தான் வரி. கொட்டைக்கு வரியே கிடையாது. உன் வீட்டுக்காரர் அனுப்புவது கொட்டை. அதுவும் போக, இங்கிலீஷ்காரனைச் சேர்க்க முடியாது என்று பிரான்ஸ்காரன் சொல்லி, பேச்சே முறிந்துபோயிற்று. கூட்டும் இல்லை, வரியும் இல்லை. விலை மட்டும் ஏறவில்லை.

போன வாரம் நைனாவோடு நானும் மண்டிக்குப் போனேன். பொன்னுசாமி துண்டை விரித்தார்.

"துண்டை எடுங்க. விலையை வாயால சொல்லுங்க" என்றேன்.

"இன்னாம்மா, மண்டிக்கே வாத்தியாரம்மாவா வந்துட்டியா?" என்றார் உன் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

"வரி எதுக்கு? கொட்டைக்கா, எண்ணெய்க்கா?"

சிரிப்பு நின்றது. "வரின்னா வரிதான். ஆடியில விதைக்கு உங்க நைனா இங்கதானே வரணும்? வரட்டும், பேசிக்கிறேன்" என்றார் உன் அப்பா.

நைனா துண்டை எடுத்துப் பொன்னுசாமியின் தோளில் போட்டுவிட்டு மாட்டைத் திருப்பினார். பின்னாலேயே விநாயகம் சித்தப்பாவின் வண்டியும் திரும்பியது. மறுநாள் இரண்டு வண்டியும் விழுப்புரத்தில் சர்க்கார் நடத்தும் மார்க்கெட் கமிட்டிக்குப் போயின. அங்கே எல்லோர் காதிலும் விழும்படி விலையைப் படிக்கிறார்கள். இறக்கிய மூன்று ரூபாயும் வந்தது, அதற்கு மேலும் வந்தது. விதைக்கு வேண்டியதை வீட்டிலேயே எடுத்துவைத்துவிட்டோம். ஆடியில் யார் வாசலிலும் நிற்கப்போவதில்லை.

மற்ற வண்டிக்காரர்கள்தான் தயங்குகிறார்கள். "பட்டணத்துல இன்னா விலைக்கு எடுக்குறாங்கன்னு தெரிஞ்சா நாங்களும் விழுப்புரம் வர்றோம்" என்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கிருக்கும் ஒரே வழி நீ. உன் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் எதிரான காரியம் இது. தெரிந்துதான் கேட்கிறேன், கேட்கப் பயந்துதான் கடிதத்தின் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

வாராவாரம் உன் வீட்டுக்காரர் கொட்டை எடுக்கும் விலையை எழுதி அனுப்புவாயா? கவரில் வேண்டாம். தபால்காரரும் படிக்கிற மாதிரி கார்டில், உன் பெயரைப் போட்டு.

செந்தாமரை