எண்பத்து நாலு நாளும் சுற்றியது நான்தான்

என் செல்ல வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை நாளில் முனகுகிறது, என் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சொல்லிவிட்டது. இத்தனை நாளில் நீ அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை, மூச்சு விடவே மறந்துவிட்டாய். போனில் பேசுவதை விட்டுவிட்டு இதென்ன கடுதாசி என்று நீ நினைப்பாய். போனில் என்றால் நான் பாதியில் சிரித்து மழுப்பிவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள், காகிதம் பின்னால் கூரியரில் வரும். வருகிற புதன்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும், அவசர வேலை என்று எடுத்து வைத்துவிடாதே.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்து அனுப்பிய மெஷின் நம் வீட்டு மீன் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், சம்ப் என்கிற வடிகட்டும் தொட்டியில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. குழாய்க்காரர் வந்து மாட்டிவிட்டு, இது என்ன சார் என்று கேட்டார். மேலே தொட்டியிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர் இந்தச் சின்னப் பெட்டிக்குள் விழும், பெட்டியின் வாயில் இந்த வெள்ளைத் துணி ஓடுகிறது பாருங்கள், அது வழியாக வடிந்துதான் தண்ணீர் வெளியே போக முடியும், துணியில் அழுக்கு அடைத்தால் பெட்டிக்குள் தண்ணீர் மேலே ஏறும், ஏறினால் இந்த மிதவையும் கூடவே ஏறும், உடனே மோட்டார் ஓடி அழுக்குத் துணியை அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு இந்தப் பக்க ரோலிலிருந்து புதுத் துணியை இழுத்துவிடும், தண்ணீர் இறங்கியதும் தானே நின்றுவிடும், யாரும் பஞ்சைப் பிழிந்து கழுவ வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். யார் செய்தது என்று அவர் கேட்பார் கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை, நானே சொன்னேன், என் பொண்ணு செஞ்சது என்று. அப்புறம் முடிதிருத்துகிறவரிடம் சொன்னேன். லிஃப்டில் மேல்வீட்டு டீச்சரிடம் சொன்னேன், அவர் இறங்க வேண்டிய மாடி தாண்டிப் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அழுக்குத் துணிச் சுருளை எடுத்துக் காட்டுகிறேன் என்று அம்மாவுக்குக் கோபம், வந்தவங்க சாப்பிடுறதா வேணாமா என்கிறாள். அந்தத் தங்கமீன்கள் நாலும் தின்று கழிப்பதைத் தவிர வேறு வேலை அறியாதவை என்பது உனக்குத் தெரியும், அதிலும் பெரியவன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேலும் கீழும் பார்வையிடுவதைப் பார்த்து அம்மா அவனுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்துவிட்டாள். இவ்வளவு தின்னும் கூட்டத்தை வைத்துக்கொண்டு தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமை வராது.

முப்பத்தொரு வருஷம் நான் பத்திரிகை அச்சகத்தில் ரீல் போட்டவன். ஆள் உயரக் காகித ரீல் சுழல்கிறபோது அதன் இழுவை தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்லுவேன். அதே வேலையை உள்ளங்கை அகலத் துணியில் என் மகள் செய்திருக்கிறாள் என்று பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. நான் உனக்கு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீ என் அச்சகத்துக்குள் வந்ததே ஒரு தடவைதான், அன்றைக்கும் சத்தம் தாங்காமல் வாசலிலேயே நின்றாய். எங்கிருந்து பிடித்தாய் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படி. ரீல் தீரப்போகிறது என்றால் அச்சகத்தில் ஒரு மணி அடிக்கும். அந்த மணி அடிக்கிறவரை காத்திருக்கிற ஆளை நாங்கள் மெஷின்மேன் என்று மதிக்க மாட்டோம். மணிக்கு முன்னால் எழுந்து போய் நிற்க வேண்டும், அதுதான் கெத்து. உன் மெஷின் வந்த முதல் வாரம், தாள் எழுதத் தொடங்கும்முன்பே, பெட்டிக்குள் தண்ணீர் விளிம்பை நோக்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிதவை எழும்புமா எழும்பாதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. புது ரோல் மாட்டும்போது சுற்றிக்கொள்ள நீ ஒரு குமிழ் வைத்திருக்கிறாய் அல்லவா, அதைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். தண்ணீர் இறங்கியது, எனக்கும் நிம்மதி. மறுநாள் காலையிலும் சுற்றினேன். அப்புறம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கப் போகும்முன் ஒன்று என்று பழகிவிட்டது. மோட்டார் ஓட வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொண்டேன். எண்பத்து நாலு நாள் சோதனைக்கு என்று நீ அனுப்பிய தாளில், இன்று துணி எத்தனை தடவை சுற்றியது என்ற இடத்தில் நாலு என்று எழுதினேன், தண்ணீர் எப்படி என்ற இடத்தில் தெளிவு என்று எழுதினேன், குறை என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று எழுதினேன். எண்பத்து நாலு நாளும் அப்படித்தான், படம் எடுத்து உனக்கும் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை நீ, ஒரு குறைகூட இல்லப்பா, எங்க முதலாளியம்மா உங்க தாளை எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சாங்க, அடுத்த வாரம் புதன்கிழமை கையெழுத்தானா ஃபேக்டரிக்குப் போயிடும் என்று சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை உன் அம்மாவுக்கு விடுமுறை. மற்ற நாளில் ஒன்பது மணிக்கு மருந்துக்கடைக்குப் போய்விடுகிறாள், நான் அலமாரிக்குள் தலையை விடுவது அவளுக்குத் தெரியாது. அன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டேன். என்னங்க பண்றீங்க என்றாள். சும்மா ஒரு சுத்து என்றேன். தினமுமா என்றாள். தினமும்தான் என்றேன். அவள் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுதியதில் ஒரு எண்கூடப் பொய் இல்லையே, நாலு தடவை சுற்றியது உண்மைதானே என்று சப்பைக்கட்டு கட்டினேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாத்திரை எண்ணிக்கை எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா சாப்பிட்டது நோயாளி இல்ல, நீங்க என்றாள்.

உடனே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. மெஷின் தானாகவே நன்றாக ஓடிவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று ஒரு நப்பாசை. மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன், அவளும் ஒப்புக்கொண்டாள், அது அவள் தப்பு இல்லை. ஆனால் என்னை நம்பவில்லை. மறுநாள் காலை குமிழைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள், போகும்முன் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு சீட்டை அலமாரிக் கதவில் ஒட்டினாள், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று.

செவ்வாய்க்கிழமை நான் அலமாரிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஏறியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மிதவை மெல்ல எழும்பியது, கிர் என்று ஒரு சத்தம், துணி நகர்ந்தது, தண்ணீர் இறங்கியது, மோட்டார் நின்றது. வாலு, நான் எழுந்து நின்று கைதட்டினேன், வீட்டில் யாரும் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் எந்த மெஷினுக்கும் நான் கைதட்டியதில்லை. அன்றைக்கு ஆறு தடவை ஓடியது, புதன்கிழமை ஏழு தடவை. நான் இல்லாமலே அழகாக ஓடத் தெரிந்த மெஷின்தான் அது, எண்பத்து நாலு நாள் அதை ஓடவிடாமல் குறுக்கே நின்றவன் நான்.

வியாழக்கிழமை மதியம் நின்றுவிட்டது. தண்ணீர் பெட்டி விளிம்பைத் தாண்டி வடியாமலே சம்புக்குள் வழிந்துகொண்டிருந்தது, மோட்டார் ஊமையாக இருந்தது. மிதவை தன் குழாய்க்குள் பாதியில் சிக்கிக்கொண்டது. என் கை பரபரத்ததைச் சொல்லி மாளாது. ஒரு விரல் விட்டால் போதும், சரியாகிவிடும். அம்மாவுக்குப் போன் பண்ணினேன், தொடாதீங்க, போட்டோ மட்டும் எடுங்க என்றாள். எடுத்தேன், ஒன்பது படம் இருக்கிறது, எல்லாம் உனக்கு வரும். சாயங்காலத்துக்குள் தொட்டித் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கிவிட்டது, சூப்பர்வைசர் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா வந்து பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மிதவைக் குழாயை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். மிதவை எழும்பியது, மோட்டார் ஓடியது. இன்று வெள்ளிக்கிழமை, தண்ணீர் தெளிந்துவிட்டது, மீன்கள் நாலும் நலம், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

குழாயின் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு பாசிப்படலம் சேர்ந்திருக்கிறது, அதில்தான் மிதவை ஒட்டிக்கொண்டது. நான் மூன்று மாதமாகத் தண்ணீரை ஏறவிடாமல் மிதவையை ஒரே இடத்தில் நிற்க வைத்ததால் அது சேர்ந்ததா, அல்லது எந்த வீட்டில் ஓடினாலும் சேருமா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நீ எண்பத்து நாலு நாள் ஓட்டச் சொன்னாய், அந்த எண்பத்து நாலையும் நான் பாழாக்கிவிட்டேன். மெஷினைப் பற்றி எதுவும் தெரியாத வீட்டில் ஓட வேண்டும் என்று மெஷினை அனுப்பும்போதே நீ சொன்னாய். நீ தாளை அம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். இப்போது கொடுத்தாகிவிட்டது, வியாழக்கிழமை வரி அவள் கையெழுத்தில் இருக்கிறது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நீ கேட்பாய், பூசி மெழுகாமல் சொல்கிறேன். போன வருஷம் உன் முதல் மெஷின் ஒரே வாரத்தில் பழுதானபோது நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள், அப்பாவிடம் சொல்லாதே என்று நீ அவளிடம் சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். இது என் வீட்டில் பழுதாகக் கூடாது, என் கண் முன்னால் என் பிள்ளையின் வேலை தோற்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். அதில் உன்னைத்தான் குறைத்து எடை போட்டிருக்கிறேன் என்பது வியாழக்கிழமை மதியம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள் மூன்றாம் நாள் எழுந்து இரண்டாவது மெஷின் செய்தாள், அதை நான் யோசிக்கவே இல்லை. மன்னித்துக்கொள்ளம்மா.

பழைய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கோடு போட்டுப் புதிதாக ஓர் இடம் சேர்த்து, சுற்றியது யார் என்று தலைப்பு எழுதி, எண்பத்து நாலு வரியிலும் அப்பா, அப்பா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். புதன்கிழமைக்குக் காத்திருக்காதே, திங்கட்கிழமையே உன் முதலாளியம்மா மேஜையில் இதை வை. திட்டினால் எங்க அப்பாதான் என்று சொல், என்னைக் கிழவன் என்றாலும் பரவாயில்லை. கையெழுத்து தள்ளிப்போகும், போகட்டும். முகம் தெரியாத எத்தனையோ வீடுகளில் அது ஓடப்போகிறது, அங்கெல்லாம் குழாயைத் தட்ட உன் அம்மா இருக்க மாட்டாள். நீ சொல்லிவிடுவாய் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை, லிஃப்டில் டீச்சரிடம் அடித்துக்கொண்ட தம்பட்டத்தையெல்லாம்விட அதுதான் எனக்குப் பெரிய பெருமை.

நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. காப்பியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. நீ நூறு வருஷம் நல்ல ஆரோக்கியத்தோடும் கை நிறைய வேலையோடும் இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம், அம்மா தனியாக ஒரு முத்தம் சேர்க்கச் சொன்னாள்.

ஒன்றை மறக்காமல் செய், புது மெஷின் அனுப்பும்போது குமிழை அம்மா பெயருக்குத் தனிப் பொட்டலமாக அனுப்பு. மிதவைக் குழாயை எப்படி மாற்றலாம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. வரைந்துகூடப் பார்த்துவிட்டேன், அதை இந்த உறைக்குள் வைக்கவில்லை. நீ கேட்டால் சொல்கிறேன். கேட்காமலே நீ சரிசெய்துவிட்டால் கிழித்துப் போட்டுவிடுகிறேன், எனக்கு அதுதான் வேண்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா