புதன்கிழமைத் தாத்தா

அடையாறு,
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீரஜா நமஸ்காரம். உங்கள் பிள்ளையோடு டைவர்ஸ் ஆகி இரண்டு வருஷம் கழித்து மருமகளிடமிருந்து கடிதம் வந்தால், பிரிக்கும்போதே உங்களுக்குப் படபடப்பாக இருக்கும். அதனால் நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹம்சினியின் பள்ளிக்கூடத்தில் அடுத்த மாதம் தாத்தா பாட்டி தினம் கொண்டாடுகிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஆளுக்கொரு தாத்தாவையோ பாட்டியையோ அழைத்துக்கொண்டு வரவேண்டுமாம். குழந்தைகளே கையால் செய்த பரிசு கொடுப்பார்கள்.

என் பக்கத்தில் யாரும் இல்லை. உங்கள் ஆத்திலும் அம்மா போயாச்சு. மிஸ் கேட்டபோது இவள் எழுந்து நின்று, "எனக்கு மயிலாப்பூர்ல ஒரு தாத்தா இருக்கார் மிஸ், ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை" என்றாளாம். மிஸ் என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது அப்பா. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. சாய்நாத் என் கையை ஒடித்ததைக்கூட விடுங்கள். குழந்தையை யாருக்கும் சொல்லாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் திருப்பதி லாட்ஜில் பூட்டி வைத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தானே, அதை என்னால் விட முடியாது. அவள் கிட்டேயே வரக்கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருக்கிறது. இப்போது அவள் எங்கே படிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள்.

போன் நம்பர் தராததற்கும் அதுதான் காரணம். உங்கள் போனிலிருந்து எதையும் எடுத்துவிடுவான் அவன். தபஸ்ஸும் என்கிற என் சிநேகிதியின் வீட்டு விலாசத்தைக் கவரில் எழுதியிருக்கிறேன். அங்கே பதில் போடுங்கள், என் கைக்கு வந்துவிடும்.

நீரஜா

மயிலாப்பூர்,
3 செப்டம்பர் 2024

சௌ. நீரஜாவுக்கு அனந்தராமன் அநேக ஆசீர்வாதம்.

உன் லெட்டர் வந்தது. கூடத்துல நின்னுண்டே நாலு தடவை படிச்சேன். அப்புறம்தான் உக்காரணும்னு தோணித்து. பேச்சுவார்த்தை இல்லைன்னு சொன்னாளா! அடி அசடே! வாயைப் பாரு அதுக்கு. ஆனா சொன்னதுல தப்பு என்ன இருக்கு? ரெண்டு வருஷமா குரல் கூட கேக்கலை. நீ செஞ்சது சரிதான், உன்னை நான் குத்தம் சொல்லலை. இருந்தாலும் ஒரு கார்டு போட்டிருக்கலாம், இல்லையா? சரி, விடு. இத்தோட அந்தப் பேச்சை விட்டேன்.

அன்னிக்கு என்ன உடுத்திண்டு வரணும்? பேண்ட் போட்டா இடுப்புல நிக்க மாட்டேங்கறது, இளைச்சுட்டேன். வேஷ்டி கட்டிண்டு வந்தா குழந்தை வெக்கப்படுவாளோன்னு யோசனையா இருக்கு. கேட்டு எழுது.

சாய்நாத் இப்போ பெருங்குடியில ரூம் எடுத்துண்டு இருக்கான். வேலையும் போயிடுத்துன்னு கேள்வி. இங்கே அவன் வரதே வருஷத்துல ஒரு நாள், அம்மா திவசத்துக்கு. நான் அவன்கிட்ட மூச்சு விட மாட்டேன். உன் மாமியார் அபயாம்பாள் மேல ஆணை. போறுமா?

ஹம்சினிக்கு ரொம்ப ரொம்ப ஆசீர்வாதம்.

அனந்தராமன்

அடையாறு,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். முதலில் ஒரு சண்டை. இனிமேல் எனக்கு "சௌ." போட வேண்டாம். அந்த சௌபாக்கியம் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வெறும் நீரஜா போதும்.

சனிக்கிழமையிலிருந்து இங்கே வேறு பேச்சே இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தாத்தா நெற்றியில் பொட்டு வைக்கும் போட்டியில் இவள் உங்கள் மூக்கில் வைத்தாளே, நீங்கள் அந்தப் பொட்டோடேயே சாப்பிடப் போனீர்களே, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேஷ்டி கட்டி வந்த தாத்தா நீங்கள் ஒருவர்தானாம். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த ஐஸ் குச்சி போட்டோ ஸ்டாண்டை இங்கே மேஜையில் உட்கார்ந்து மூன்று சாயங்காலம் செய்தாள். நான் கை வைக்கப் போனால், "தாத்தாவுக்கு நான்தான் பண்ணணும்" என்று தள்ளிவிட்டாள். அதை வாங்கிக்கொண்டு நீங்கள் அழுததையும் பார்த்தேன். உள்ளே இருக்கும் போட்டோவில் அவள் யூனிஃபார்மும் பின்னால் பள்ளிக்கூடப் பேரும் தெரிகிறது. தயவுசெய்து கூடத்தில் மாட்டாதீர்கள்.

யோசித்து ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். புதன்கிழமைகளில் எனக்கு ஆபீஸில் மீட்டிங், வர நேரமாகிறது. அன்று மட்டும் நீங்கள் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு போய், சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள முடியுமா? நான் வந்து கூட்டிப்போகிறேன். கவருக்குள் பள்ளிக்கூடம் கொடுத்த அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால்தான் வாசலில் குழந்தையை விடுவார்கள். பத்திரம்.

நீரஜா

மயிலாப்பூர்,
14 நவம்பர் 2024

நீரஜாவுக்கு அனந்தராமன் ஆசீர்வாதம்.

பார், சௌ. போடலை. கை தானா எழுதப் பாத்தது, இழுத்துப் பிடிச்சேன்.

நேத்திக்கு நாகேஸ்வர ராவ் பார்க்குல உன் பொண்ணு எனக்குக் காகிதத்துல தவளை பண்ணச் சொல்லிக் கொடுத்தா. நான் பண்ணினது குதிக்கவே இல்லை. "தாத்தா, இது தூங்கற தவளை, பரவாயில்லை" என்கிறா. சமாதானம் சொல்ற அழகைப் பாரேன்! வாரத்துல பாக்கி நாளெல்லாம் எனக்குச் சும்மா ஓடிண்டிருக்கு. புதன்கிழமை வந்தாத்தான் காத்தாலேயே குளிக்கத் தோணறது.

வர 25ஆம் தேதி, திங்கக்கிழமை, அபயத்தோட திவசம். பிள்ளை இருக்கறச்சே நான் பண்ண முடியாது, அவன்தான் வரணும், வருவான். நீ பயப்படாதே. ஐஸ் குச்சி ஸ்டாண்டு, அட்டை ரெண்டையும் முதல் நாளே பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிடறேன்.

அனந்தராமன்

அடையாறு,
18 நவம்பர் 2024

அன்புள்ள அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். பீரோ வேண்டாம். அன்றைக்கு ஒரு நாள் இரண்டையும் எதிர் வீட்டில் கொடுத்து வையுங்கள். எனக்கு மனசு சரியாக இல்லை. சிரிக்காதீர்கள்.

நீரஜா

அடையாறு,
2 டிசம்பர் 2024

அப்பா,

ஹம்சினி உயிரோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நீங்கள் வந்து வராந்தாவில் நின்றதாகத் தபஸ்ஸும் சொன்னாள். நான்தான் உள்ளே விட வேண்டாம் என்றேன். அன்று யாரையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

நடந்ததை உங்களுக்குச் சரியாகச் சொல்கிறேன். புதன்கிழமை மத்தியானம், பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னாலேயே சாய்நாத் அந்த அட்டையோடு போயிருக்கிறான். தாத்தா பாத்ரூமில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பேத்தியைப் பார்க்கணும் என்கிறார் என்று சொல்லியிருக்கிறான். வாசலில் இருந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். ஹம்சினி அவன் முகத்தைப் பார்த்ததும் பயந்தாளாம். உங்கள் பேரைச் சொன்னதும் வண்டியில் ஏறியிருக்கிறாள்.

பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் வண்டி சரிந்தது. அவன் குடித்திருந்தான். கூட்டம் சேர்ந்ததும், மீன் கடை போட்டிருந்த சொர்ணம் என்கிற அம்மாளிடம் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நழுவிவிட்டான். ஹம்சினிக்கு என் நம்பர் மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல அந்த அம்மாள்தான் போன் பண்ணினாள். "பாப்பாக்கு கையி தொங்கிக்கினு கீதும்மா, அந்தாளு இதோ வரேன்னு பூட்டான், நீ சீக்கிரம் வா தாயி" என்றாள். நான் போகிறவரை மடியை விட்டு இறக்கவில்லை.

வலது முழங்கை நொறுங்கியிருக்கிறது. தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இனி அந்தக் கை முழுசாக நீளாது என்கிறார் டாக்டர்.

அட்டை அவனுக்கு எப்படிப் போயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. ஊகிக்க முடிகிறது. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். "அட்டையை எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருக்கிறது. பிடித்தும் வெளியே விட்டால் மறுபடி வருவான்.

நீரஜா

மயிலாப்பூர்,
11 டிசம்பர் 2024

நீரஜாவுக்கு அனந்தராமன் ஆசீர்வாதம். என் ஆசீர்வாதம் உனக்கு வேண்டாமா இருக்கலாம். எழுதாம இருக்க முடியலை.

நீ சொன்னபடி எதிர் வீட்டுல கொடுத்திருக்கணும். அன்னிக்குப் பாத்து அவா ஊருல இல்லை. பீரோல வச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிண்டேன். சாஸ்திரிகள் வந்து உக்காந்தாச்சு. அவன் குளிச்சு, ஈர வேஷ்டியோட மடியா நிக்கறான். அப்போதான் வெள்ளிப் பஞ்சபாத்திரம் பீரோல இருக்குன்னு ஞாபகம் வந்தது. நான் அப்போதான் வாசல்ல பூக்காரியைத் தொட்டுப் பேசிட்டு வந்திருந்தேன், மடி போயாச்சு. விழுப்புக் கையால அதைத் தொடப்படாது. "நீ மடியா இருக்கே, நீயே எடுத்துக்கோடா"ன்னு சாவியை அவன்கிட்ட நீட்டினேன். நீட்டினது இந்தக் கைதான். மடி பாத்தேனே தவிர, உள்ளே என்ன இருக்குன்னு அந்த நிமிஷம் புத்திக்கு எட்டலை. அவன் பாத்திரத்தோட வந்து உக்காந்து, ஒரு மந்திரம் விடாம சொன்னான். அம்மாவுக்குப் பிண்டம் வைக்கறச்சே அழுதான். திருந்திட்டான்னு நெனச்சேன், நான் ஒரு மடையன்.

புதன்கிழமை அட்டையைக் காணலை. அவன் எடுத்திருப்பான்னு தோணித்து. நம்பப் பிடிக்கலை. வீடு பூரா தேடினேன். தேடாம நேரே ஓடியிருந்தா அவனுக்கு முன்னாடி போயிருப்பேன்.

இப்போ நான் சொல்லப்போறதுக்கு நீ என்னை என்ன வேணா திட்டு. போன வாரம் ஸ்டேஷனுக்குப் போனேன், உனக்காகத்தான் போனேன். அங்கே பெஞ்சுல அவனைப் பிடிச்சு உக்கார வச்சிருந்தா. என் காலைப் பிடிச்சுண்டு, "அப்பா, திருடினேன்னு சொல்லிடாதே, உள்ள போட்டுடுவா, என் ஜன்மமே போயிடும்"னான். அவனோட வக்கீல் ரகுபதியும் அதையே சொன்னார். நான்தான் அட்டையைக் கொடுத்து, குழந்தையை அழைச்சுண்டு வரச் சொன்னேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன். அவனை விட்டுட்டா.

எனக்கு எழுபத்தாறு ஆறது நீரஜா. நாளைக்கு எனக்குக் கொள்ளி போட அவன் ஒருத்தன்தான். ஜெயில்ல இருக்கற பிள்ளையை எப்படிக் கூப்பிடறது? நீ படிச்சவ, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு சொல்லுவே. சொல்லிக்கோ. எனக்கு அந்த பயம் இருக்கு, மறைக்கலை. கடைசியில நடந்தது ஒரு ஆக்சிடெண்ட்தானே? அவன் வேணும்னு தள்ளலையே. இனி உங்க பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்.

ஸ்டேஷன்ல என்ன எழுதிக் கொடுத்தேன்னு குழந்தைக்குத் தெரியவா போறது? அவளுக்கு நான் எப்பவும் போல தாத்தாதானே. கட்டுப் பிரிச்சதும் ஒரு புதன்கிழமை, ஒரு மணி நேரம், நீ பக்கத்துல இருக்கறச்சேயே பாத்துட்டுப் போறேன். முடியாதுன்னு மட்டும் எழுதாதே.

அனந்தராமன்

அடையாறு,
20 டிசம்பர் 2024

திரு. அனந்தராமன் அவர்களுக்கு,

வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. சாமான் கட்டியாயிற்று. தபஸ்ஸும் இனி உங்கள் கடிதங்களை வாங்க மாட்டாள், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மடி பார்த்துச் சாவி கொடுத்ததை நான் மன்னித்திருப்பேன். உண்மையாகவே சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அதுவரை படிக்கும்போது உங்களுக்காக எனக்கு அழுகை வந்தது. அதற்கு அடுத்த பத்தியைப் படிக்காமல் இருந்திருக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்த பிறகு, தாத்தா சொல்லித்தான் அப்பா கூட்டிப்போனார், இது குடும்ப விஷயம், வண்டி விபத்து மட்டும்தான் கேஸ் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். கோர்ட்டு உத்தரவைக் காட்டினேன், அதற்குக் கோர்ட்டுக்கே போங்கள் என்றார்கள். முந்தாநாள் எங்கள் தெருமுனையில் பெட்டிக்கடை வாசலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். உங்களிடம் சத்தியம் பண்ணினவன்தான்.

குழந்தைக்குத் தெரியவா போறது என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று இட்லியை இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா, அப்பாகிட்ட அந்தக் கார்டை யார் குடுத்தா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் நான் உங்களை அவளிடம் விட்டுக்கொடுத்ததே இல்லை. அவன் திருடினான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு யோசித்தேன். நாளைக்கு அவள் வளர்ந்து யாராவது அந்தக் காகிதத்தைக் காட்டினால் நான்தான் பொய் சொன்னவளாவேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையே சொன்னேன். தாத்தாதான் கொடுத்தார் என்று.

"அப்போ தாத்தா பாத்ரூம்ல விழவே இல்லையா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"தாத்தா செத்துப்போயிடுவார்னு நான் வண்டியில அழுதுண்டே போனேனே" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினாள். இடது கையால் குழாயைத் திருக வரவில்லை. நான்தான் மூடினேன். அதற்கப்புறம் அவள் உங்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

நீரஜா