மூன்றாம் நம்பர் மெஷின்

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் ஒரு பழைய கணினியைத் திறக்க வேண்டியிருந்தது. மூடியை இழுத்ததும் உள்ளிருந்து சூடேறிய தூசியின் வாசனை வந்தது. நிற்பது திருவள்ளூரில். மூக்கில் ஏறியதோ கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில், நாம் நடத்திய பிரௌசிங் சென்டர். கையிலிருந்த திருகுகளை மேசைமேல் வைத்துவிட்டு சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பழவேற்காட்டில் அடக்கம் செய்து பதினோரு மாதம் ஆகிறது. அதன்பிறகு இன்றுதான் உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

சிப்காட்டில் நாம் டேட்டா என்ட்ரி பார்த்த கம்பெனி மூடியபோது இருவருக்கும் இருபத்தெட்டு வயது. உன் வாப்பா கருவாட்டு மண்டிக்கு மேலே சும்மா கிடந்த அறையைத் திறந்துவிட்டார். ஆறு பழைய மெஷின்கள் போட்டோம். ஷிப்ட் முடிந்து வரும் ஹாஸ்டல் பெண்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். வாரத்துக்கு ஒரு மெஷின் வைரஸ் வந்து படுத்துவிடும். நீ தபாலில் லினக்ஸ் சிடி வரவழைத்து, ஆறாம் நம்பரில் போட்டு, மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். "இது யாருக்குடி புரியும்?" என்று நான் கேட்பேன். "புரியற மாரி வெக்கறதுதான் நம்ம வேலை" என்பாய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மஞ்சுளா படியேறி வந்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஞாயிறு தவறாமல் வருவாள். அன்று உட்காரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அக்கா, உங்க ரெண்டு பேர்ல யாரு அவர்கிட்ட சொன்னது?"

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ ஸ்டூலை நகர்த்திப் போட்ட பிறகு மெதுவாகச் சொன்னாள். தொழிற்சாலையில் அவள் வேலை பார்க்கும் லைனின் சூப்பர்வைசரைப் பற்றி ஹெட் ஆபீசுக்கு ஒரு மெயில் எழுதியிருக்கிறாள். அனுப்பத் தைரியம் வராமல் பாதியில் தன் மெயில் கணக்கிலேயே சேமித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை அந்த ஆள் அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் எழுதிய வரியையே திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

"'தோள்ல கை வெச்சிக்கினுதான் பேசுவாரு'ன்னு எழுதியிருந்தேங்க்கா. அத்த அப்பிடியே சொல்றாரு. யார்கிட்டயும் நான் வாயத் தொறக்கல. இங்க ஒக்காந்து அடிச்சதோட சரி. எங்க நைனாவக் கூப்ட்டு வெச்சி, உன்ன ஊட்டுக்கு அனுப்பிடறேன்றாரு."

"எந்த மெஷின்?" என்றாய்.

"மூணு."

அவளை வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து தேடினாய். உன் கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. திரும்பாமலேயே என்னிடம் கேட்டாய்: "இதுல யாராவது எதாச்சும் போட்டாங்களா?"

இல்லை என்றேன்.

அது பொய். பதினெட்டு நாளைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை நீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்த சூப்பர்வைசர் ஒரு சிடியோடு வந்தான். என்னை மேடம் என்று கூப்பிடுகிற, மரியாதையான ஆள். "வைரஸ் புடிக்கிற புரோகிராம் மேடம், எங்க கம்பெனில இதான்" என்றான். நீ வருவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிடலாம் என்ற ஆசையில் புரோகிராம் ஏற்றக் கேட்ட பாஸ்வேர்டை நானே அடித்துக் கொடுத்தேன். மஞ்சுளா பேசிக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் இல்லை என்றுதான் வாய் சொன்னது.

என் வார்த்தையை நம்பி நீ வேறு விதமாகக் கணக்குப் போட்டாய். மஞ்சுளா திரையை மூடாமல் எழுந்து போயிருப்பாள், அடுத்து உட்கார்ந்தவன் படித்திருப்பான் என்றாய். இனி எழுந்தால் எதுவும் மிஞ்சக் கூடாது என்று முடிவெடுத்து, புதன் காலையே ஒவ்வொரு மெஷினாக லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கினாய். அந்தச் சின்ன மெமரியில் கனமான எதுவும் ஓடாது. இருப்பதிலேயே இலேசான டெஸ்க்டாப்பாகப் பார்த்துப் போட்டாய். 'விருந்தினர்' என்று ஒரே பெயர், பாஸ்வேர்ட் கிடையாது. வெளியேறினால் அந்த ஆள் தொட்டதெல்லாம் அழிந்து, அடுத்தவருக்குச் சுத்தமான திரை வரும். அதற்கு நீ எழுதியது பத்து வரிதான். அந்தப் பத்து வரிக்கு மத்தியானம்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தாய். திரையில் நான்கே நான்கு பெரிய படங்கள்: இணையம், மெயில், டைப் அடிக்க, வேலை முடிந்தது. முதலில் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகக் கிடந்தது. அதற்கும் ஒரு எழுத்துருவைத் தேடிப் போட்டாய்.

மூன்றாம் நம்பரை மட்டும் தொடவில்லை. "பிரிண்டர் லினக்ஸ்ல வேலை செய்ய மாட்டேன்னுது. இது ஒண்ணு பழசாவே இருக்கட்டும். அந்தப் பொண்ணு பிரிண்ட் கேட்டா இதுல ஒக்கார வெச்சிடலாம்" என்றாய்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, சிடி, பாஸ்வேர்ட், எல்லாம்.

நீ குனிந்து, மூன்றாம் நம்பரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாய். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாய். சொன்னேன்.

டிஸ்க்கைக் கழற்றி ஆறாம் நம்பரில் மாட்டிப் பார்த்தாய். ஒளிந்திருந்த கோப்பு கிடைத்தது. மூன்றாம் நம்பரில் யார் எந்த விசையைத் தட்டினாலும் அதில் வரிசையாக விழுந்திருந்தது. ஏதோ ஒரு சாக்கில் வந்து உட்கார்ந்து அவன் இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். இரண்டு வரி படித்துவிட்டு நீ மூடிவிட்டாய்.

"அழிக்காதே. அவன் செஞ்சதுக்கு சாட்சி இதுதான்" என்றேன்.

"மஞ்சுளா எழுதினது மட்டுமா இதுல கீது? எத்தினி பொண்ணுங்க ஊட்டுக்கு எழுதினது இருக்குது. இத்த யார் கைல குடுப்ப? குடுத்தா அவங்க படிக்க மாட்டாங்களா?"

டிஸ்க் முழுவதையும் அழித்தாய். பிறகு வருகைப் பதிவு நோட்டை என் கையில் கொடுத்தாய். "இதுல மூணு நம்பர்ல ஒக்காந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நீயே போய்ச் சொல்லு. பாஸ்வேர்ட மாத்தச் சொல்லு. யாரால ஆச்சுன்னும் சொல்லு."

அன்று மாலை ஹாஸ்டல் கேட்டில் நின்று பதினான்கு பேரிடம் சொன்னேன். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "படிச்சிங்களா?" இல்லை என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

வியாழன் மாலை மஞ்சுளா வந்தபோது மற்ற ஐந்திலும் ஆள் இருந்தது. துடைத்துப் புதிதாக்கிய மூன்றாம் நம்பரில்தான் உட்கார வேண்டியிருந்தது. அவள் நாற்காலியைத் தொடவே தயங்கினாள். நான் செய்ததை அவளிடமும் சொன்னேன். என்னைப் பார்க்காமல் உன்னை மட்டும் பார்த்து, "இப்ப ஒண்ணும் ஆவாதில்ல?" என்றாள்.

"எழுந்தவுடனே மறந்துடும், மஞ்சு. நீ யாருன்னே அதுக்குத் தெரியாது."

நான்கு படங்களைப் பார்த்ததும் எதைத் தொடுவது என்று அவள் கேட்கவே இல்லை. பாஸ்வேர்டை முதலில் மாற்றினாள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடித்து முடித்தாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இணைய லைன் எப்போதும்போல இழுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் படியில் ஷூ சத்தம்.

அவன்தான். கதவருகே நின்று, "மூணு காலியா மேடம்?" என்றான்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றாய் நீ, எழுந்து வழியை மறித்தபடி. அவன் உன்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான். மஞ்சுளா திரும்பவில்லை. திரையின் மூலையில் மெயில் போய்க்கொண்டிருப்பதைக் காட்டும் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. அவன் அவள் பின்னால் வந்து குனிவதற்கும், அவள் 'வேலை முடிந்தது' என்பதை அழுத்துவதற்கும் சரியாக இருந்தது. திரை கறுத்தது. மறுபடி வெளுத்தபோது நான்கு படங்கள் மட்டும் நின்றன. மஞ்சுளா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மெயில் போனதா, நின்றதா, யாருக்கும் தெரியவில்லை.

அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து துழாவினான். "இன்னா மேடம், எல்லாத்தையும் மாத்திட்டிங்க. நான் போட்டுக் குடுத்த புரோகிராம் எங்க?"

"எந்த புரோகிராம் சார்? பேர் சொல்லுங்க, தேடறேன்" என்றாய்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "நான்தான் எடுக்கச் சொன்னேன். இன்னா பண்ணுதுன்னு பாத்தாச்சு."

ஆறு மெஷின் முன்னாலும் ஆள் இருந்தும் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. ஐந்து பெண்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவர்களில் மூவர் அவன் லைன். அவன் எழுந்து போய்விட்டான்.

எட்டு நாள் மஞ்சுளா வரவில்லை. அந்த எட்டு நாளும் நீ என்னோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவளே வந்தாள். ஹெட் ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து லைனில் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். அவனை அந்த யூனிட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு எங்கே போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்கு இன்றுவரை உறுத்தல்தான். மஞ்சுளா அங்கேயே நான்கு வருடம் இருந்தாள்.

புதிதாக்கிய மெஷின்களில் மாற்றம் செய்வதற்கான பாஸ்வேர்டை நீ எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரம்ஜான் கழிந்து ஒரு நாள், கணக்காக ஐந்து மாதம் போன பிறகு, நான் பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து அந்தப் பாஸ்வேர்டை மட்டும் காதில் சொன்னாய். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போன வருடம் சென்னை ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரம். உம்மா கேன்டீனுக்குப் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் கொடுத்தாய். பேசத் தெம்பில்லை. "எல்லாத்தையும் தொடச்சிடு கல்பனா" என்றாய். "பாக்காத."

உன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து செய்தேன். ஒரு செய்தியையும் திறக்கவில்லை, ஒரு படத்தையும் பார்க்கவில்லை. முடியும்வரை நீ கண்ணை மூடித்தான் இருந்தாய். நான் என்ன செய்கிறேன் என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

உம்மா இப்போதும் போனில் கேட்கிறார்கள்: "அவ எனக்குன்னு எதாச்சும் எழுதி வெச்சிருந்தாளா, அம்மாடி? நீ பாத்தியா?" எனக்குத் தெரியாது, உம்மா, நான் பார்க்கவில்லை என்கிறேன். அவர்கள் நம்பவும் செய்கிறார்கள், அழவும் செய்கிறார்கள். போனை வைத்த பிறகு, எனக்கு ஏதாவது எழுதியிருந்தாயா என்று நானும் நினைத்துக்கொள்கிறேன். தெரியாது. அந்தத் தெரியாததைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.