பெயரை மட்டும் கேட்டவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? குன்னூரில் நான் சுகம்.

தம்பி இறந்த பிறகு நான் பேசிவந்த மனநலக் கவுன்சிலர் மாற்றலாகிவிட்டார். புதியவரின் மேசையில் முதலில் கண்ணில் பட்டது நம் எஸ்டேட் டீத்தூள் பாக்கெட். ஊரைச் சொன்னதும், "எந்த லைன் வீடு? யாரு ஊட்டுப் புள்ள கண்ணு?" என்றார். அவருடைய அண்ணி உங்களோடுதான் கொழுந்து பறிக்கிறாராம். சொன்னால் தேவாலாவில் நம் வீடு வரை போய்விடுமென்று வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் பஸ் ஏறி ஊட்டியில் வேறொருவரிடம் போனேன். அவர் பெயரை மட்டும் கேட்டார். எல்லாம் சொன்னேன்.

உங்களுக்கும் சொல்ல வேண்டும். தம்பி கடைசியாகக் கூப்பிட்டபோது போன் என் கையில்தான் இருந்தது. வேலை அலுப்பில் எடுக்கவில்லை, அம்மா.

இங்கே குளிர் அதிகம். அவனுடைய நீல ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள்.

இதையே எழுதிய போன கடிதத்தை அனுப்பாமல் கிழித்துவிட்டேன். இதை இப்போதே ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

கலைமதி